விலை குறைந்ததும் தாங்கக்கூடியதுமான பிறீவீல் கிறாங்: மட்டக்களப்பில் தேடிப் பார்த்த அனுபவம்

எஞ்சின் பூட்டிய சைக்கிள்களில் இரண்டு வகை உண்டு. எஞ்சினிலிருந்து ஒரு செயின் நேரே பின்சில்லின் இடப்பக்கத்துப் பெரிய பற்சில்லுக்குப் போவது ஒரு வகை. எஞ்சினின் இழுவை ஓர் இடையச்சு வழியாகப் பெடல் அச்சில் உள்ள செயின்வீலுக்கு வந்து, அங்கிருந்து சைக்கிளின் வழமையான கியர்ச் செயினால் பின்சில்லுக்குச் செல்வது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையில் எஞ்சின் ஓடும்போது செயின்வீல் சுழன்றுகொண்டே இருக்கும், ஆனால் கால் வைத்திருக்கும் பெடல்கள் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகப் பெடலைத் தாங்கும் கையான கிறாங்குக்கும் செயின்வீலுக்கும் நடுவில், ஒரு திசையில் மட்டும் கொளுவி மறுதிசையில் தானே சுழலும் பற்சில்லான பிறீவீல் ஒன்றைப் பூட்டுகிறார்கள். பின்சில்லில் இருக்கும் பிறீவீல் செய்யும் அதே வேலைதான் என்று நினைத்துத்தான் நானும் முதலில் கடைக்குப் போனேன். அந்த நினைப்பு எனக்கு இரண்டு பிறீவீல்களையும் ஒரு கணுக்காலின் தோலையும் செலவாக்கியது. கடந்த இரண்டு ஆண்டுகளில் நான் வாங்கி ஓட்டிப் பார்த்த மூன்று பொருள்களைப் பற்றிய மதிப்பீடு இது.

என் வீடு ஆரையம்பதியில். வயல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் உள்ள வட்டையில், அதாவது வயல்வெளியில். 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கு வரிசையில் நின்று களைத்த பின்னர் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்குத் திரும்பியவர்களுள் நானும் ஒருவன். வெறும் ஆளாகப் போய் வருவதில் சிரமம் இல்லை. பசளைப் பையையோ விதைநெல் மூடையையோ பின்னால் கட்டிக்கொண்டு, ஆனி ஆடி மாதங்களில் முகத்துக்கு நேரே வீசும் கச்சான் காற்றில் மண்முனைப் பாலத்தைக் கடப்பதுதான் சிரமம். அதற்காக இரு அடிப்பு எஞ்சின் ஒன்றை ஒரு மவுண்டன் சைக்கிளில் பூட்டி, கியரை மாற்றி ஓட்டக்கூடிய விதமாக இடையச்சு அமைப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம்முடைய மாவட்டம் தட்டையான நிலம். ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாலங்களின் முதுகு மட்டும்தான். சுமை ஏற்றாமல் நகரத்துக்குள் ஓடுபவருக்கு நேரடிச் செயின் அமைப்பே போதும்; அதற்குக் கிறாங்கில் பிறீவீலே வேண்டாம், பின்சில்லில் ஏற்கனவே உள்ளதே பெடலை நிற்க விடும். சுமை, எதிர்க்காற்று, வயல் வரம்போரத்து மணல் பாதை ஆகியவை சேர்ந்து வருபவர் மட்டும் தொடர்ந்து படிக்கலாம். அவரும் எஞ்சின் பூட்டிய சைக்கிளை வீதியில் இறக்குவதற்கு முன் பதிவு பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

முதலில் வாங்கியது, கல்முனையில் ஒரு சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் கிடைத்த சாதாரண பதினெட்டுப் பல் பிறீவீல். விலை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) நேர்மையானவர். நான் எதற்கு வாங்குகிறேன் என்று கேட்டறிந்த பின், “தம்பி, இது பின்சில்லுக்குச் செய்த சாமான், முன்னுக்குப் போட்டா எத்தன நாளைக்கு நிக்குமெண்டு எனக்குச் சொல்லத் தெரியா” என்று சொல்லியே கொடுத்தார். ஆகவே பின்னர் நடந்ததற்கு அவரைக் குறை கூற இயலாது.

திருகுமரை பொருந்துமா என்ற கவலைதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. அது தேவையற்ற கவலை. பின்சில்லுப் பிறீவீல்களின் மரை அநேகமாக எல்லாமே 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டவை. பிறீவீல் கிறாங்குகளின் வலப்பக்கக் கைக்கும் அதே மரையைத்தான் வெட்டுகிறார்கள். கிறாங்கின் உட்பக்கத்திலிருந்து, அதாவது சட்டகத்தை நோக்கிய பக்கத்திலிருந்து, பிறீவீலை முகம் திருப்பித் திருகும்போது அது கொளுவும் திசையும் சரியாக அமைந்துவிடுகிறது. மிதிக்க மிதிக்க மரை இறுகுமே தவிரக் கழலாது. எனவே பொருத்தமான கிறாங் கை ஒன்று கையில் இருந்தால் ஊர்க்கடைப் பிறீவீல் எதுவும் அதில் ஏறும். ஏறுவது வேறு, நிலைப்பது வேறு.

அந்தப் பிறீவீல் ஆறு வாரம் ஓடியது. முதல் இரு வாரங்களில் டிக் டிக் என்ற சீரான சத்தம். பிறகு அதனூடே ஓர் அரைபடும் சத்தம். அதன் பிறகு செயின்வீல் வெளிப்படையாகவே பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே பல்லில் கொளுவும் சிறு நாக்குகள் புதிது போலவே இருந்தன. சிதைந்து கிடந்தவை குண்டுகளும் அவை ஓடும் தடமும். கைகளில் கரிய தூளாக வந்தது.

இது ஏன் என்று நான் பல நாள் யோசித்தேன். விடை எளியது, தெரிந்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். பின்சில்லில் உள்ள பிறீவீலுக்குச் சுமை இருக்கும்போது அது சுழலாது, சுழலும்போது சுமை இருக்காது. நாம் மிதிக்கும்போது செயின் இறுகி இழுக்கிறது, ஆனால் உள்வளையமும் வெளிவளையமும் கொளுவி ஒன்றாகவே போவதால் அவற்றுக்கிடையே உள்ள குண்டுகள் உருளுவதில்லை. மிதிப்பதை நிறுத்தியதும் குண்டுகள் உருளுகின்றன, ஆனால் அப்போது செயின் தளர்ந்து கிடக்கிறது. கிறாங்கில் நிலைமை தலைகீழ். எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் வெளிவளையம் சுழல்கிறது, உள்வளையம் அசையாமல் நிற்கிறது, அதே நேரத்தில் எஞ்சின் செயின் ஒரு பக்கமும் பின்சில்லுச் செயின் இன்னொரு பக்கமும் முழு இறுக்கத்துடன் அந்த வெளிவளையத்தை இழுக்கின்றன.

என் சைக்கிளின் கணக்கையே சொல்கிறேன். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது, அதன் உள்ளே உள்ள 4.1 மடங்கு குறைப்பும், 10 பல்லிலிருந்து 17 பல்லுக்கும் பின் 9 பல்லிலிருந்து 44 பல்லுக்கும் போகும் இடையச்சுக் குறைப்பும் கழிந்து, செயின்வீல் ஏறத்தாழ நிமிடத்துக்கு 150 சுற்றுச் சுற்றுகிறது. ஒரு மணி நேர ஓட்டத்தில் அது ஒன்பதாயிரம் சுற்று. எஞ்சின் 1.5 கிலோவாட் வலு தருகிறது என்று வைத்துக்கொண்டால், 44 பல் செயின்வீலின் விளிம்பில் செயினின் இழுப்பு நூறு கிலோ எடைக்கும் சற்று மேல். இரண்டு செயின்களும் ஒரே தளத்தில் இல்லை, ஒரே திசையிலும் இழுப்பதில்லை. ஆகவே பிறீவீலைச் சாய்த்துத் திருப்பும் ஒரு நெம்பும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண பிறீவீலில் சிறுகுண்டுகள் இரண்டு மெல்லிய தடங்களில் தளர்வாக ஓடுகின்றன; அவற்றைத் தாங்கும் தகடுகள் இந்தச் சாய்வை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல.

நாக்குகளின் பலம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. எஞ்சினின் இழுவை நாக்குகள் வழியாகப் போவதில்லை. ஆனால் கால் மிதிப்பு முழுவதும் அவற்றின் வழியாகவே போகிறது. எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் 170 மில்லிமீற்றர் கிறாங்கின் மீது எழுந்து நின்றால் முறுக்கு 130 நியூட்டன் மீற்றரைத் தாண்டும். அதே மிதிப்பு 44 பல்லிலிருந்து 18 பல்லுக்குப் போய்ப் பின்சில்லுப் பிறீவீலை அடையும்போது 55க்குள் அடங்கிவிடும். எனவே கிறாங்கில் உள்ள நாக்குகளுக்கு இரண்டரை மடங்குச் சுமை. புறப்படும்போது மிதித்துக் கிளப்பும் பழக்கம் உள்ளவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். ஆயினும் என் அனுபவத்தில் முதலில் சாவது குண்டுகள் ஓடும் பேரிங்தான்.

இரண்டாவதாக வாங்கியது, இதற்கென்றே செய்து இணையத்தில் விற்கப்படும் முழுத் தொகுதி: இரண்டு கிறாங் கைகள், பிறீவீல், அதனோடு போல்ட் பூட்டிய இரண்டு செயின்வீல்கள், பெடல் அச்சு. கொழும்பு முகவர் ஒருவர் மூலம் சீனாவிலிருந்து தருவித்தேன். வரியும் அனுப்புக் கூலியும் சேர்ந்து பதினெட்டாயிரம் ரூபாயைத் தொட்டது. பார்வைக்குக் கனமாகவும் நேர்த்தியாகவும் இருந்தது. செயின்வீல்கள் உண்மையிலேயே நல்லவை, இன்றுவரை அவற்றையே பாவிக்கிறேன். கிறாங் கைகளும் குறை சொல்லத் தக்கவை அல்ல. பெடல் அச்சின் மூடிய பேரிங் ஒரு மாரி முழுவதும் தாங்கியது.

பிறீவீல்தான் ஏமாற்றியது. விளம்பரத்தில் அது பாரப்பணிக்குரியது என்று எழுதியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் தடித்த வெளிவளையத்துக்குள் அதே தளர்குண்டுகள். பாரம் வெளியேதான் இருந்தது. அதைவிடப் பெரிய குறை, குண்டுகளை உள்ளே பிடித்து வைக்கும் முகப்பு மூடிவளையம். இரண்டு சிறு துளைகளுடன் வரும் அந்த வளையத்துக்குப் பெரும்பாலும் இடமரை. வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். கிறாங்கில் இடைவிடாத சுழற்சியும் எஞ்சினின் அதிர்வும் சேரும்போது அது மெல்ல மெல்லத் தளர்ந்துவிடுகிறது. கடையில் வாங்கிய உடனேயே அதைக் கழற்றி, மரையைச் சுத்தமாகத் துடைத்து, மரை தளராமல் பிடிக்கும் லொக்டைட் பசை இட்டு மீண்டும் இறுக்க வேண்டும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நான்காவது மாதத்தில் ஒரு பின்னேரம், மண்முனைப் பாலத்தின் இறக்கத்தில் அந்த வளையம் கழன்று, குண்டுகள் ஒரு பக்கம் குவிந்து, பிறீவீல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பிறீவீல் இறுகினால் என்ன நடக்கும் என்பதை வாசிப்பவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்: எஞ்சின் பெடல்களையும் சேர்த்துச் சுழற்றத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 150 சுற்றுக்குக் கால் ஈடுகொடுக்க முடியாது. என் இடக்கால் பெடலிலிருந்து வழுக்கி விழுந்தது, சுழன்று வந்த பெடல் கணுக்காலைச் சீவியது. கைப்பிடியில் எஞ்சினை அணைக்கும் சுவிட்சு இருந்ததால் அதோடு தப்பினேன். அன்றிலிருந்து நான் யாருக்கும் சொல்லும் முதல் வார்த்தை, பிறீவீல் எதுவாயினும் அந்தச் சுவிட்சு கைப்பெருவிரல் எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்பதே. முகவருக்கு எழுதினேன்; அனுப்பும் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று பதில் வந்தது.

மூன்றாவது பொருளைத் தேடுவதற்குள் எனக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. பாறைகள் மீதும் சுவர்கள் மீதும் சைக்கிளைத் துள்ள வைக்கும் ட்ரயல்ஸ் என்றொரு விளையாட்டு உண்டு. அந்தச் சைக்கிள்களில் பலவற்றில் பிறீவீல் இயல்பாகவே முன்னால் கிறாங்கில்தான் இருக்கும். ஓட்டுபவரின் முழு எடையும் ஒரே உதைப்பில் அதன் மீது இறங்கும். ஆகவே அவற்றுக்கெனச் செய்யப்படும் பிறீவீல்களில் நாக்குகள் உறுதியானவை. நல்லவற்றில் தளர்குண்டுகளுக்குப் பதிலாக மூடிய பேரிங்கும் இருக்கும். இவற்றில் உச்சியில் இருப்பது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வைட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் செய்யும் ஈனோ; அதைக் கழற்றிப் பேரிங்கை மாற்றி மீண்டும் பூட்டலாம். ஆனால் அதன் விலையை நம்முடைய ரூபாயில் பெருக்கிப் பார்த்தபோது, அந்தப் பணத்துக்கு ஓடக்கூடிய பழைய சைக்கிள் ஒன்றே வாங்கலாம் என்று தோன்றியது. நான் வாங்கியது பெயர் பெறாத ஒரு தைவான் தயாரிப்பு, பதினெட்டுப் பல், மூடிய பேரிங் கொண்டது. வந்து சேர ஏழு வாரம் எடுத்தது. கைக்கு வரும்போது ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடியது.

கையில் எடுத்தவுடனேயே வேறுபாடு தெரிந்தது. உள்வளையத்தை ஒரு கையால் பிடித்து வெளிவளையத்தை மறுகையால் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால், ஊர்க்கடைப் பிறீவீல் ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாமல் ஆடும், இது ஆடவில்லை. விளிம்பில் பேரிங்கின் கறுப்பு றப்பர் மூடி கண்ணுக்குத் தெரிந்தது. சுழற்றிவிட்டால் நாக்குகளின் சத்தம் கூர்மையாகவும் சம இடைவெளியிலும் வந்தது. கடையில் நின்று வாங்குபவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்ப்பதைவிட இந்த ஆட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்வது பயன் தரும். அரை நிமிட வேலை.

இனிச் செயின்வீலை இதனோடு எப்படி இணைப்பது என்ற சிக்கல். இரண்டாவது தொகுதியின் செயின்வீல்கள் ஐந்து போல்ட் வட்டத்தில் பூட்டும் விதமானவை. புதிய பிறீவீலிலோ பல்லைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. செயின்வீலை அப்படியே பிறீவீலில் வைத்து வெல்டிங் பிடிக்கலாம் என்று இரண்டு பட்டறைகளில் சொன்னார்கள். அதைச் செய்ய வேண்டாம். வெல்டிங்கின் சூடு நாக்குகள் மோதும் தடத்தின் கடினத்தைப் போக்கிவிடும், பேரிங்கின் றப்பரையும் கிறீஸையும் எரித்துவிடும், வளையம் கோணிவிடவும் கூடும். எனக்குக் கைகொடுத்தவர் சாய்ந்தமருதுப் பக்கத்தில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். ஆறு மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் வட்டம் வெட்டி, நடுவில் பிறீவீலின் பதினெட்டுப் பல்லும் அச்சாக உட்காரும்படி அரத்தால் இராவி, வெளியே ஐந்து துளைகளைச் செயின்வீலுக்கு ஏற்பத் துளைத்து, பின்புறம் ஒரு மெல்லிய காப்புத் தகட்டையும் போல்ட்டால் பூட்டித் தந்தார். சுமை பற்களிலேயே ஏறுகிறது; போல்ட்டுகள் தகடு விலகாமல் பிடிக்க மட்டுமே. மூவாயிரம் ரூபாய் கேட்டார். இரண்டு நாள் இராவியதைப் பார்த்திருந்ததால் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இந்த அமைப்பு இப்போது பதின்மூன்று மாதமாக ஓடுகிறது. ஒரு வாடைக்கால மழையும், வட்டைப் பாதையில் அச்சு மூழ்கும் வெள்ளமும், வாவிக்கரை உப்புக் காற்றும் கண்டுவிட்டது. செயின்வீலில் ஆட்டம் இல்லை. சத்தம் மட்டும் கூடுதல்; எஞ்சினை அணைத்துவிட்டு உருளும்போது ஊருக்கே கேட்கும். மாதம் ஒருமுறை பின்பக்க இடுக்கில் சில சொட்டு 90ஆம் இலக்கக் கியர் ஒயில் விடுகிறேன். நாக்குகள் இருக்கும் அறைக்குள் தடித்த கிறீஸை அப்பக் கூடாது: நாக்கு ஒட்டிக்கொண்டு எழாமல் போனால் மிதிக்கும்போது கால் வெறுமையில் இறங்கும்.

பொருத்துகையில் பணம் தின்னும் இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சட்டகத்தின் பெடல் அச்சுக் குழாய். இக்கால மவுண்டன் சைக்கிள்களில் அநேகமாக 68 அல்லது 73 மில்லிமீற்றர் அகலமும் 1.37 அங்குல, 24 மரையும் இருக்கும். பேரிங்கைத் தாங்கும் வலப்பக்கக் கப் இடமரை என்பதை மறந்து இறுக்குபவர்கள் மரையைக் கெடுத்துவிடுவார்கள். பழைய றலி சைக்கிள்களில் விட்டம் அதேயாயினும் அங்குலத்துக்கு 26 மரை. புதிய பேரிங் தொகுதி அதில் ஏறாது. ஆப்புப் போல இறுக்கும் கொட்டர் பின் வைத்த பழைய கிறாங் உள்ள சட்டகத்தை இதற்குத் தெரிவு செய்யாமல் இருப்பதே மேல். மற்றொன்று, அச்சின் நீளம். எஞ்சின் அகலத்தைக் கடந்து பெடல் சுற்ற வேண்டும், இரண்டு செயின்களும் நேர்கோட்டில் ஓட வேண்டும். இதற்கு அளவெடுக்காமல் அச்சு வாங்கினால் இரண்டாவது அச்சும் வாங்க வேண்டி வரும். எனக்கு வந்தது.

சதுர முனை அச்சில் கிறாங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் அடித்துக் கழற்றுவதும் நம் பக்கத்துத் திருத்துநர் சிலரின் வழக்கம். மூடிய பேரிங் அந்த அடியைத் தாங்காது. 22 மில்லிமீற்றர் மரை கொண்ட கிறாங் இழுப்பான் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். பூட்டி முதல் ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் கிறாங் போல்ட்டை மீண்டும் இறுக்க வேண்டும். தளர்ந்த கிறாங்கில் தொடர்ந்து ஓடினால் சதுரத் துளை வட்டமாகிவிடும், அதன் பின் இறுக்கியும் பயனில்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தால், பிறீவீலும் லேத் கூலியுமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய். மரை வெட்டிய கிறாங் கையும் செயின்வீலும் இல்லாதவர் அவற்றைத் தனியே தேட வேண்டும். முழுத் தொகுதியை வாங்கிப் பிறீவீலை மட்டும் எறிந்துவிட்டு மாற்றுவது, வீண் போலத் தோன்றினாலும், பொருத்தம் பார்த்து அலையும் பேருந்துக் கூலியைக் கணக்கில் சேர்த்தால் அவ்வளவு நட்டம் இல்லை. ஊர்க்கடைப் பிறீவீலை ஆறு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே ஓடலாம் என்று நினைப்பவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆண்டுக்கு எட்டோ ஒன்பதோ வேண்டும், பணக் கணக்கில் அதுவும் கட்டுப்படியாகும். ஆனால் அது இறுகும் நாள் எதுவென்று அது சொல்லிவிட்டு இறுகாது.